வீட்டில் நீர்முள்ளி: விதைப்பு முதல் விதை சேகரிப்பு வரை

ஏரி உள்வாய், கண்மாய்க் கரை, வாய்க்கால் ஓரம், நெல்வயல் வரப்பு என்று தண்ணீர் வந்து வற்றும் இடங்களில் எல்லாம் நீர்முள்ளி தானாக வளரும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது இடுப்புயரம் நிமிர்ந்து நின்று, கணுவுக்குக் கணு ஊதாப் பூ விடும். முள் இருப்பதால் ஆடு மாடு தொடாது. அதனாலேயே ஆள்களும் அதைக் களை என்று வெட்டித் தள்ளிவிடுவார்கள். தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இவ்வளவு உதவும் நம் மண்ணின் செடிகள் அதிகம் இல்லை. கரையோரங்களை நெய்வேலிக் காட்டாமணக்கும், நீர்ப்பரப்பை ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டுவிட்டன. இரண்டுமே தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. நீர்முள்ளி நின்ற ஈரக்கரை சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒரு தொட்டியோ, தோட்டத்தில் தண்ணீர் வழியும் ஒரு மூலையோ இருந்தால் போதும், இதை வீட்டில் வளர்க்கலாம்.

வளர்ப்பதற்கு முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இது எப்போதும் தண்ணீரில் நிற்கும் தாமரை வகை இல்லை. தினமும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் பிழைத்துக்கொள்ளும் செம்பருத்தி வகையும் இல்லை. ஏரியின் ஆண்டுச் சுற்றுதான் இதன் ஆயுள் சுற்று. முதல் மழையில் ஈரமாகும் சேற்றில் முளைக்கும். தண்ணீர் ஏறும்போது உயரும். நிறைந்து நிற்கும்போது அடிப்பகுதி நனைந்தபடி தாங்கும். தண்ணீர் இறங்கும்போது பூக்கும். கோடையில் கரை வெடிக்கும்போது காய்ந்து விதை சிந்தும். தொட்டியில் வைத்தாலும் இந்த ஏற்ற இறக்கத்தை நாம் கொடுக்க வேண்டும். நீர்முள்ளி பூக்கவில்லை, அழுகிவிட்டது, குட்டையாகவே நின்றுவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தச் சுற்றைத் தவறவிட்டதால் வருபவைதான்.

செடியைச் சரியாக அடையாளம் காண

தாவரவியல் பெயர் ஹைக்ரோஃபிலா ஆரிகுலேட்டா. மருத்துவ நூல்களில் அஸ்டெரகாந்தா லாங்கிஃபோலியா என்ற பழைய பெயரும் இருக்கும், செடி ஒன்றுதான். கனகாம்பரம், ஆடாதோடை ஆகியவை இருக்கும் அகாந்தேசி குடும்பம்.

ஒரு கணுவை மட்டும் உற்றுப் பார்த்தால் சந்தேகமே வராது. ஒவ்வொரு கணுவிலும் ஆறு இலைகள் வட்டமாக இருக்கும். அவற்றில் எதிரெதிராக நிற்கும் இரண்டு மட்டும் ஈட்டி வடிவில் நீளமாக, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இடையில் உள்ள நான்கும் சிறியவை, நான்கு செ.மீ. அளவுதான். ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் நேரான, மஞ்சள் நிறமான ஒரு முள். ஆக, கணுவுக்கு ஆறு முள். அந்த முள் வேலிக்குள்தான் நான்கு இணைகளாகப் பூக்கள் பொதிந்திருக்கும். தண்டு லேசாக நாற்கோணமாக, ரோமத்தோடு, கிளை விடாமல் அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளம்பும்.

நாற்றுப் பண்ணைகளில் ஈரத்தில் வளரும் ஊதாப் பூ என்று கேட்டால் பெரும்பாலும் மெக்சிகன் பெட்டூனியா எனப்படும் ருயெல்லியாவைக் கொடுப்பார்கள். அது முள்ளே இல்லாத அயல்செடி. ஒருமுறை விட்டால் வேரோடியும் விதை தெறித்தும் ஈரமான இடம் முழுவதும் பரவிவிடும். உவர்நீர்க் கழிமுகங்களில் வளரும் கழிமுள்ளி வேறு. அதற்கு முள் இலை விளிம்பில் இருக்கும். வேலியோரம் மஞ்சள் பூ விடும் முள்ளி வறண்ட நிலத்துச் செடி. அதைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் செத்துவிடும்.

விதை

நீர்முள்ளி விதை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஆனால் அது மருந்துக்காகச் சேர்த்து வைத்தது; எத்தனை வருடப் பழசு என்று கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. முளைக்காமல் போக வாய்ப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் தாராளமாக விதைக்க வேண்டும். அதைவிட நல்லது, மாசி, பங்குனி வாக்கில் ஏரிக்கரையில் காய்ந்து நிற்கும் செடியிலிருந்து நாமே எடுப்பது. ஒரே செடியை மொட்டையடிக்காமல் ஐந்தாறு செடிகளில் இரண்டிரண்டு கணு எடுத்தால் போதும். ஒரு காயில் நான்கு முதல் எட்டு விதை இருக்கும் என்பதால் ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி காயே அதிகம். முழுச் செடியைப் பிடுங்கி வந்து நடுவதில் பயனில்லை. பூக்கும் பருவத்தில் பிடுங்கினால் வேர் அறுந்து துவண்டுவிடும். அந்த வருடத்து விதையும் அந்தக் கரைக்கு நஷ்டம்.

இந்த விதையின் குணத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நாலைந்து விதை போடுங்கள். உலர்ந்திருக்கும்போது தட்டையான, பழுப்பு நிறமான சாதாரண விதைதான். தண்ணீர் பட்டதும் மேலே ஒட்டிப் படிந்திருந்த ரோமங்கள் விரிந்து எழும்; சிறிது நேரத்தில் விதையைச் சுற்றி ஒரு கண்ணாடி போன்ற வழவழப்பு உறை உருவாகிவிடும். விரலால் தள்ளினால் வழுக்கும், எடுக்கப் பார்த்தால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அலையடிக்கும் கரையில் விதை அடித்துக்கொண்டு போகாமல் சேற்றில் ஒட்டிக்கொள்ள இந்த உறை உதவுகிறது. ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கிறது.

தோட்டக்காரருக்கு இதில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது: நீர்முள்ளி விதையை ஊறவைத்து விதைக்கக் கூடாது. அவரை, வெண்டைக்குச் செய்கிற மாதிரி இரவு ஊறப் போட்டால் காலையில் கிண்ணம் முழுக்க ஒரே களிக் கட்டியாக இருக்கும். அதைப் பிரிக்க முடியாது. கட்டியாகவே மண்ணில் வைத்தால் நடுவில் உள்ள விதைகளுக்குக் காற்றுப் போகாமல் பூசணம் பிடித்துவிடும். ஈரக் கையால் விதையைத் தொடுவதும் கூடாது. விதையைச் சாம்பலோடு கலக்கும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடலாம். ஒரு பங்கு விதைக்கு நான்கைந்து பங்கு காய்ந்த, சலித்த மணல் கலந்து தூவுவதே போதும்.

எப்போது, எப்படி விதைப்பது

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் ஆடி கடைசியிலிருந்து ஆவணி முடிய விதைக்கலாம். அக்டோபரில் பெருமழை தொடங்கும்போது செடி ஒரு சாணாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பதே கணக்கு. அதைவிடச் சிறிய நாற்று தொடர்மழையில் சேற்றில் மூழ்கி அழுகும். தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் மேற்கு மாவட்டங்களிலும் குமரியிலும் வைகாசிக் கடைசியிலேயே தொடங்கலாம்.

அகலமான, ஆழம் குறைந்த தட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 8 முதல் 10 செ.மீ. ஆழம் போதும், அடியில் துளை இருக்கட்டும். வயல்மண்ணோ குளத்து வண்டலோ நிரப்பி, முதலில் தண்ணீர் விட்டு நன்றாக நனைத்து, வழிய விட்டு, மேல்பரப்பை மட்டமாக்குங்கள். அதன்மேல் மணல் கலந்த விதையைத் தூவி, இன்னொரு சிட்டிகை மணலை மேலே சலித்துவிடுங்கள். விதை மறைந்தும் மறையாமலும் இருந்தால் சரி. ஆழமாகப் புதைத்தால் வராது. இதன்பின் மேலே தண்ணீர் ஊற்றாமல், தட்டை இன்னொரு பெரிய தாம்பாளத்தில் வைத்து, தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் நிறுத்துங்கள். ஈரம் கீழிருந்து ஏறும். பூவாளியால் மேலே ஊற்றினால் வழவழத்த விதைகள் நகர்ந்து ஒரு மூலையில் குவிந்துவிடும்.

வெயில் காலை நேரத்தில் படட்டும். உச்சி வெயில் மட்டும் முதல் பத்து நாள் வேண்டாம். வெதுவெதுப்பான நாள்களில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைப்பு தெரியும். எல்லாம் ஒரே நாளில் வராது, முன்பின்னாக வரும். அதனால் பாதி முளைத்ததும் தட்டைக் கலைத்துவிட வேண்டாம். இந்தக் கட்டத்தில் பெரிய எதிரி நத்தையும் ஓடில்லாத நத்தையும். இரவில் ஏறி முளைகளைத் தரைமட்டத்தில் கத்தரித்துவிடும். தாம்பாளத்து நீர் ஓரளவு அகழிபோலக் காக்கும். தட்டின் விளிம்பு வேறு எதையும் தொடாமல் இருக்க வேண்டும்.

நாற்றில் நான்கு இணை இலை வந்ததும் மண்ணோடு பெயர்த்து நடலாம். இதற்குமேல் தாமதித்தால் முள் தடிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் கையால் நடுவது கடினம்.

தொட்டியும் மண்ணும்

ஒரு செடிக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவு வேண்டும். உயரத்தைவிட அகலம் முக்கியம், வேர் பக்கவாட்டில் நன்றாகப் பரவும். பழைய பிளாஸ்டிக் டப், உடைந்த சிமெண்ட் தொட்டி எதுவானாலும் சரி. அடித்துளையை அடைத்துவிட்டு, மண் நிற்கப்போகும் மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே பக்கவாட்டில் இரண்டு துளை போடுங்கள். பெருமழையில் மிச்சத் தண்ணீர் அதன் வழியே வெளியேறிவிடும்; அதற்குக் கீழே உள்ள மண் எப்போதும் தண்ணீர் பிடித்து நிற்கும். கார்த்திகையில் தண்ணீரை மேலே நிறுத்த விரும்பினால் அந்தத் துளைகளைத் தக்கையால் அடைத்துக்கொள்ளலாம். நீரை ஏற்றவும் இறக்கவும் இந்த இரண்டு துளைகளே நமக்கு மதகு.

மண் கலவையில் பலர் சறுக்குகிறார்கள். மாடித்தோட்டக் கலவை, அதாவது தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி, இந்தச் செடிக்கு ஆகாது. நார்க்கழிவு தண்ணீர் நின்றால் மிதந்து மேலே வந்துவிடும். மண்புழு உரம் காற்றில்லாத சேற்றில் அழுகி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் வருகிறதென்றால் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது என்று பொருள். வேர் நுனிகள் கறுத்து, மேலே இலை மஞ்சளாகும்; உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போட்டால் நிலைமை மோசமாகும்.

களிமண்ணோ வண்டலோ ஆறு பங்கு, ஆற்று மணல் அல்லது கழுவிய எம்-சாண்ட் மூன்று பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. இவ்வளவுதான். தொழு உரத்தைத் தொட்டியின் நடுப்பகுதி மண்ணில் மட்டும் கலந்து, மேல் 5 செ.மீ. வெறும் மண்ணாக விட்டால் பாசி குறையும். இதற்குப் பின் பருவம் முடியும்வரை உரமே வேண்டாம். ஏரி வண்டலில் வளரும் செடிக்கு யூரியாவோ மீன் அமிலமோ கொடுத்தால் தளதளவென்று உயர்ந்து காற்றில் சாயும், தளிரில் அசுவினி ஏறும், பூ குறையும்.

தரையில் வைப்பதென்றால்

தரையில் இடம் இருந்தால் அதுதான் சிறந்தது. மேல்நிலைத் தொட்டி வழியும் இடம், அடிகுழாய் சுற்றுப்புறம், மழைநீர் வடிந்து தேங்கும் பள்ளம் என்று வீட்டில் ஏதாவது ஓர் இடம் இருக்கும். மண் களியாக இருந்தால் அப்படியே நடலாம். மணல் பாங்கான நிலத்தில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 40 செ.மீ. ஆழம் வெட்டி, தடித்த பாலிதீன் பாயை விரித்து, பாயின் அடியில் மூன்று நான்கு இடத்தில் கம்பியால் துளை குத்தி, வெட்டிய மண்ணோடு களிமண் கலந்து திரும்ப நிரப்புங்கள். துளை இல்லாவிட்டால் அது குளமாகிவிடும். பாயே இல்லாவிட்டால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். மெதுவாக வடிய வேண்டும் என்பதே நோக்கம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் நன்றாக ஒத்துக்கொள்ளும், அதில் உப்பு இல்லை. ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கும். வடியாத மண்ணில் அது சேர்ந்துகொண்டே போய் இலை விளிம்பைக் கருக்கும். துணி துவைத்த சோப்பு நீர் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் கெடுத்து மண்ணைச் சிமெண்ட் மாதிரி இறுக்கிவிடும்.

செடிக்குச் செடி 45 செ.மீ. விடுங்கள். ஒன்றிரண்டு செடி அங்கங்கே நிற்பதைவிட ஐந்தாறு செடி ஒரே திட்டாக நிற்பது பல மடங்கு நல்லது. தேனீ ஒரு பயணத்தில் ஒரே வகைப் பூவையே தேடிப் போகும். ஒற்றைச் செடிக்காக அது பாதை மாறி வருவது அரிது. ஒரு திட்டு ஊதாவாக நின்றால் தினமும் வரும். வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். மர நிழலில் வைத்தால் தண்டு நீண்டு, கணு இடைவெளி அதிகமாகி, பூ ஒன்றிரண்டோடு நின்றுவிடும்.

நடைபாதை ஓரமும் குழந்தைகள் விளையாடும் இடமும் இதற்கு ஆகாது. முள் நான்கு செ.மீ. வரை நீளும், நேராக இறங்கும். துணிக் கையுறை பயன்படாது, தோல் கையுறை வேண்டும். களை எடுப்பதையெல்லாம் நட்ட முதல் மாதத்திலேயே முடித்துவிட்டு, அதன்பின் செடிகளின் காலடியைப் பொடுதலையிடம் ஒப்படைத்துவிடலாம். பொடுதலையும் ஈரம் விரும்பும் நம் செடி. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையை மூடி, களையை அமுக்கி, சின்னச் சின்னப் பூவால் சிறு தேனீக்களுக்கும் நீலன்கள் போன்ற குட்டி வண்ணத்துப்பூச்சிகளுக்கும் தேன் கொடுக்கும். நான்கு விரல் நீளத் தண்டை ஈர மண்ணில் அழுத்தினாலே பிடித்துக்கொள்ளும். தொட்டியாக இருந்தால் அதே வேலைக்கு நீர்ப்பிரம்மி.

தண்ணீர்: மாதவாரியாக

நட்ட முதல் மூன்று வாரம் மண் சேறாக இருக்க வேண்டும், ஆனால் மேலே தண்ணீர் நிற்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் செடி முழங்கால் உயரம் வந்தபின் 3 முதல் 5 செ.மீ. தண்ணீர் நின்றாலும் தாங்கும். மழை கொடுக்கும் நீரே போதும். மார்கழியில் பக்கத்துளையைத் திறந்து நீர் மட்டத்தை மண்ணுக்குக் கீழே இறக்குங்கள். மண் ஈரமாக, விரலை அழுத்தினால் தடம் விழும் பதத்தில் இருக்கட்டும். இந்த நேரத்தில்தான் பூ வேகம் பிடிக்கும். பருவத்தைப் பொறுத்து மாசி, பங்குனி வரை தொடரும். பூக்கும்போது ஒருநாள்கூடக் காயவிடக் கூடாது. இரண்டு நாள் காய்ந்தால் மொட்டு கருகும், கீழ் இலைகள் உதிரும், முள் மட்டும் நிற்கும். பங்குனியில் காய்கள் பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடலாம்.

கொசு பற்றிய கவலை நியாயமானது. கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர நம் வெப்பத்தில் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை துளையைத் திறந்து நீரை முழுதாக வடித்து, ஒருநாள் விட்டுத் திரும்ப நிரப்பினால் சுற்று அறுந்துவிடும். அதைவிட எளிது, மேலே தண்ணீர் தெரியாதபடி மண் மட்டத்துக்குக் கீழேயே நீரை வைத்திருப்பது. செடிக்கு எந்தக் குறையும் வராது. மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவின் இஸ்ரேலென்சிஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். அது கொசுப்புழு போன்ற ஈயினப் புழுக்களை மட்டும் கொல்லும். பெயர் பாதி ஒன்றாக இருப்பதால் குர்ஸ்டாகி வகையை வாங்கிவிட்டால் இலையில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் எல்லாம் செத்துவிடும். டப்பாவில் உள்ள பெயரைக் கடைசி வார்த்தைவரை படிக்க வேண்டிய இடம் இது.

பூவும் விருந்தாளிகளும்

பூ மூன்று செ.மீ. அளவு, இரண்டு உதடு கொண்டது. கீழ் உதடு மூன்று மடலாக விரிந்து இறங்குதளமாக இருக்கும். அதன் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு மேடும், அதில் வெளிர் மஞ்சள் சாயலும் உண்டு. மேல் உதட்டுக்கடியில் நான்கு மகரந்தத்தாள்கள், இரண்டு நீளம், இரண்டு குட்டை. தேன் குழலின் அடியில். தேனீ மேட்டில் கால் ஊன்றித் தலையை உள்ளே நுழைக்கும்போது மகரந்தம் அதன் முதுகில் படியும். அடுத்த பூவில் அதே முதுகு சூலகமுடியைத் தொடும்.

இந்தக் குழலுக்குப் பொருத்தமானவை உடல் பருத்த, நாக்கு நீண்ட தேனீக்கள். வயிற்றில் நீல வளையம் கொண்ட நீலப்பட்டைத் தேனீ ரீங்காரத்தோடு பூவின் முன் அந்தரத்தில் நின்று சட்டென்று நுழையும். தச்சுத் தேனீ, நாம் கருவண்டு என்று சொல்வது, பூவையே வளைத்துவிடும் கனத்தோடு வந்து உட்காரும். சில நேரம் முன்வாசலை விட்டுவிட்டுக் குழலின் அடியைக் கீறித் தேனை எடுத்துக்கொள்ளும். அப்படிக் கீறிய பூவில் மகரந்தம் சேராது, ஆனால் செடிக்குப் பெரிய பாதிப்பில்லை. அடுக்குத் தேனீயும் கொம்புத் தேனீயும் மகரந்தத்துக்காக வரும்.

இவை தங்குவதற்கும் இடம் வேண்டும். நீலப்பட்டைத் தேனீ கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் மண்ணில் தனித்தனியே வளை தோண்டி முட்டையிடும். தோட்டம் முழுக்க மூடாக்குப் போட்டு, சிமெண்ட் பூசிவிட்டால் அதற்கு வழியில்லை. ஈரத் திட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சதுர மீட்டர் மேடான, காய்ந்த, வெற்று மண்ணை அப்படியே விட்டுவையுங்கள். தச்சுத் தேனீக்குக் காய்ந்த மூங்கிலோ பட்ட கிளையோ போதும்.

நீர்முள்ளியின் இன்னொரு பெரிய பெருமை அதன் இலை. மயில் வசீகரன், எலுமிச்சை வசீகரன், சாம்பல் வசீகரன் முதலிய வசீகரன் வகை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தின்று வளரும் செடி இது. முட்டை தனித்தனியாக, பச்சையாக, செங்குத்து வரிகளோடு சின்னப் பீப்பாய் போல இருக்கும். புழு கருமையாக, உடல் முழுக்கக் கிளைத்த முள்ளோடு பார்க்க மிரட்டும். ஆனால் கம்பளிப்பூச்சி மாதிரி அரிக்காது. இலை ஓட்டை ஓட்டையாக ஆனதும் மருந்துக் குப்பியைத் தேடக் கூடாது. இலை தின்னப்படுவதற்காகவே இந்தச் செடியை வைத்திருக்கிறோம். நன்றாக வேரூன்றிய செடி பாதி இலை போனாலும் திரும்பத் தளிர்த்துவிடும். மயில் வசீகரனை மழைக்காலத்திலும் கோடையிலும் பார்த்து ஒப்பிட்டால் இரண்டு வேறு இனமோ என்று தோன்றும்: மழைக்காலத்தில் அடிச்சிறகில் கண் வடிவங்கள் இருக்கும், வறண்ட காலத்தில் பிறப்பதன் சிறகு விளிம்பு கோணலாகி, அடிப்பக்கம் காய்ந்த இலையேதான்.

எது தவறும், ஏன்

செடி குட்டையாக, முள் அதிகமாக, இலை சின்னதாக இருந்தால் வளரும் பருவத்தில் காய்ந்துபோயிருக்கிறது. உயரமாக, பச்சையாக இருந்தும் தை பிறந்தபின்னும் பூவில்லையென்றால் நிழல், அல்லது உரம் மிகுதி, அல்லது தண்ணீரை இறக்காமலே வைத்திருப்பது. இந்த வரிசையில் சோதியுங்கள். கீழ் இலை மட்டும் மஞ்சளாவது இயல்பு. தளிரே மஞ்சளானால் மண்ணை ஒரு குச்சியால் கிளறி முகர்ந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் தண்ணீரை வடித்து நான்கைந்து நாள் மண்ணுக்குக் காற்று வாங்க விடுங்கள்.

அசுவினி, மாவுப்பூச்சி வந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதே முதல் மருந்து. மாவுப்பூச்சி பிடித்த நுனியை நீளமான கத்தரியால் வெட்டி எடுத்துவிடலாம். வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதால் தாராளமாக அடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் உள்ள அசாடிராக்டின் புழுக்களின் தோலுரிப்பையே தடுக்கும், வசீகரன் புழுவுக்கும் அதே கதிதான். இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்து இன்னும் கேடு: வேர் வழியே ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடும். பக்கத்தில் வைக்கும் மற்ற பூச்செடிகளைப் பண்ணையிலிருந்து வாங்கும்போதும் இந்த மருந்து ஊற்றியதா என்று கேளுங்கள்.

விதையெடுப்பும் அடுத்த வருடமும்

காய்கள் கீழ்க் கணுவிலிருந்து மேலாகப் பழுக்கும். பழுத்த காய் இரண்டாகப் பிளந்து விதையைத் தெறிக்கவிடும். உள்ளே ஒவ்வொரு விதையையும் ஒரு சின்னக் கொக்கி தாங்கியிருக்கும். அந்தக் கொக்கிதான் நெம்புகோல்போல உந்தித் தள்ளுகிறது. எனவே காய் பழுப்பாகி, பிளப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். தண்டைக் கணுவோடு வெட்டி, இடுக்கியால் பிடித்து, காகிதப் பையில் போட்டு வாயைக் கட்டி நிழலில் ஒரு வாரம் தொங்கவிட்டால் பைக்குள்ளேயே வெடித்துவிடும். சலித்து, இன்னும் இரண்டு நாள் உலர்த்தி, ஈரமே இல்லாத கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். புட்டியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் விதைகள் வழவழத்துக் கட்டியாகிவிடும். தேதி எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த ஆடிக்கே பயன்படுத்திவிடுவது நல்லது.

வீட்டுக்கு அடுத்து நெல்வயல் இருந்தால் காய்களை முழுதாக எடுத்துவிட வேண்டும். வரப்பில் நிற்கும்போது அழகான இதே செடி, நடவு வயலுக்குள் முளைத்தால் நாற்று நடுபவர் காலைப் பதம் பார்க்கும்.

காய்ந்த தண்டுகளைத் தரையிலிருந்து பத்து செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். உரக்குழியில் அப்படியே போடக் கூடாது. இலை மக்கினாலும் முள் மக்காமல் நெடுநாள் கிடந்து, அடுத்த முறை உரம் அள்ளும் கையில் ஏறும். வெட்டிய தண்டுகளைப் புதிதாக விதைத்த கீரைப் பாத்திமேல் பரப்பி வைத்தால் கோழியும் பூனையும் கிளறாது. அந்த வேலை முடிந்ததும் எண்ணிப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம்.

அடிக்கட்டைகளைப் பிடுங்க வேண்டாம். அடுத்த மழையில் சில கட்டைகள் துளிர்க்கும், சில துளிர்க்காது. சிந்திய விதையிலிருந்து நாற்றுகள் கூட்டமாக வரும். அவை ஒரு விரல் உயரம் வந்ததும், முள் இன்னும் இளசாக இருக்கும்போதே, 45 செ.மீ. இடைவெளிக்குக் கலைத்துவிடுங்கள். மிஞ்சிய நாற்றைத் தூக்கியெறியாமல் வண்டல் நிரப்பிய பைகளில் நட்டுவைத்தால், பள்ளிக்கூடத்து மழைநீர்க் குட்டைக்கோ, ஊர்க் குளத்தைச் சீரமைப்பவர்களுக்கோ புரட்டாசியில் கொடுக்கலாம்.